அடம்பிடிக்கும் பால் பைத்தானை உயிர் எலியிலிருந்து உறைந்த எலிக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

உயிர் எலிக்கே பழகிப்போன பால் பைத்தானுக்கு (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை), கொன்று உறைய வைத்துப் பிறகு இளக்கிய எலியை முதல்முறை நீட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். இரண்டு தடவை நாக்கை நீட்டிப் பார்க்கும், தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும், பதுங்கிடத்துக்குள் போய்ச் சுருண்டுவிடும். "இது செத்ததைத் தொடாது" என்று நாமும் முடிவு கட்டி, அடுத்த நாளே கடைக்குப் போய் ஓர் உயிர் எலியை வாங்கி வந்து போட்டுவிடுகிறோம். மாற்ற முயன்ற பலர் தோற்பது இந்த இடத்தில்தான். நீங்கள் நீட்டியதை உணவு என்று பாம்பு அடையாளமே காணவில்லை. சூடு, வாசனை, அசைவு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. எது குறைகிறது என்று பொறுமையாகக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் மொத்த வேலையும்.

நான் இங்கே பால் பைத்தானையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வீட்டில் வளர்க்கும் பாம்புகளில் சாப்பாட்டு விஷயத்தில் இந்த அளவுக்குப் படுத்துவது வேறு அதிகம் இல்லை. கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு நீளமான வழிகாட்டி தேவைப்படாது, அவை பெரும்பாலும் ஓரிரு முயற்சியிலேயே மாறிவிடும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பாம்பு, சாரை, நல்ல பாம்பு என நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் இனம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

எதற்காக மாற்ற வேண்டும்

எலிக்குப் பல் இருக்கிறது. பாம்புக்குப் பசி இல்லாத நாளில் ஒரு வளர்ந்த எலியைப் போட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போய்விட்டால், காலையில் முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்பைப் பார்க்க நேரலாம். ஊர்வன மருத்துவர்கள் இப்படிப்பட்ட காயங்களை அடிக்கடி பார்க்கிறார்கள். பாம்பு சரியாகப் பிடித்தாலும் ஆபத்து முழுக்கப் போய்விடாது, சுற்றி நெரிக்கும் அந்தச் சில விநாடிகளில் எலி கண்ணையோ வாயையோ கடித்துவிட முடியும். எலியின் பக்கம் இருந்தும் யோசியுங்கள். மூடிய பெட்டிக்குள் ஓட இடமில்லாமல் அது படும் பயம் தேவையே இல்லாதது. இது போக, ஃப்ரீசரில் சில மாதத்துக்கான உணவை ஒரே அளவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம், உயிர் எலிகளுக்குத் தனியாகக் கூண்டு, தீனி, நாற்றம் எதுவும் வேண்டாம்.

பாம்பு உணவை எப்படித் தெரிந்துகொள்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக விளங்கும். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் பால் பைத்தான் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் பகல் முழுக்கக் கிடக்கும். இருட்டில் வேட்டையாடும் பிராணி என்பதால் கண்ணை மட்டும் நம்பி அது வாழ முடியாது. மேல் உதட்டு ஓரமாக வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றன அல்லவா, அவை வெப்பத்தை உணரும் குழிகள். அறை 26 டிகிரியில் இருக்க 38 டிகிரியில் ஓர் உடம்பு நகர்ந்தால் அந்த வித்தியாசத்தை வைத்தே குறிபார்த்துப் பாய்ந்துவிடும். அதோடு நாக்கு காற்றிலிருந்து எடுத்துத் தரும் வாசனையை மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு படிக்கிறது.

இப்போது இளக்கிய எலியை நினைத்துப் பாருங்கள். அறையின் சூட்டிலேயே கிடக்கிறது, ஈரமாக இருக்கிறது, அசையவில்லை. பாம்பின் பார்வையில் அது ஒரு கல்லைப் போலத்தான்.

முதலில் வீடு சரியாக இருக்க வேண்டும்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சூடு போதாத தொட்டியில், பதுங்க இடமில்லாமல் பதற்றத்தோடு இருக்கும் பாம்பு எதைக் கொடுத்தாலும் சாப்பிடாது, அதை "உறைந்த எலி பிடிக்கவில்லை" என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்வோம். வெப்பப் பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம், தோல் உரிக்கும் நேரத்தில் இன்னும் கொஞ்சம் கூட. வெப்பம் தரும் எந்தச் சாதனமும் தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் ஓடக் கூடாது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பதுங்கிடம், உள்ளே போனால் உடம்பு நாலு புறமும் உரசும் அளவுக்கு இறுக்கமாக. வெட்டவெளியாக இருக்கும் பெரிய கண்ணாடித் தொட்டியென்றால் மூன்று பக்கத்தையும் அட்டையால் மறைத்துவிட்டு, உள்ளே செயற்கை இலைகளை நிறையப் போடுங்கள். இதை மட்டும் செய்து சாப்பிட ஆரம்பித்த பாம்புகள் உண்டு.

புதிதாக வாங்கி வந்ததா? ஒரு வாரம், பத்து நாள் தொடாமல் விடுங்கள். பிறகு அது ஏற்கெனவே பழகிய உணவையே, உயிர் எலி என்றால் உயிர் எலியையே, பக்கத்தில் இருந்து பார்த்தபடி கொடுங்கள். தொடர்ந்து ஐந்தாறு வேளை மறுக்காமல் சாப்பிட்ட பிறகுதான் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடாத பாம்பை மாற்ற முயன்றால், அது எதற்காக மறுக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

தொடங்கக் கூடாத காலங்களும் உண்டு. கண் பால் பூத்ததுபோல் மங்கி, தோல் உரிக்கத் தயாராகும்போது வேண்டாம். வளர்ந்த ஆண் பாம்புகள் குளிர்மாதங்களில் இணை தேடும் நினைப்பில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அப்போதும் வேண்டாம். முட்டை சுமக்கும் பெண்ணுக்கும் அப்படித்தான். மூச்சு விடும்போது விசில் சத்தம், வாயில் நுரை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, செதிலுக்கு இடையில் கருப்புப் புள்ளி போல உண்ணி என எதைப் பார்த்தாலும் சாப்பாட்டுப் பரிசோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

என்ன வாங்குவது, எந்த அளவில்

பாம்பு எதைத் தின்கிறதோ அதையே உறைந்த வடிவில் வாங்குங்கள். சுண்டெலி தின்னும் பாம்பை உறைந்த பெரிய எலிக்கு ஒரே தாவலில் மாற்ற நினைக்காதீர்கள், அது இரண்டு மாற்றம். அளவு, பாம்பின் உடம்பில் மிகத் தடித்த பகுதியின் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. எடைக்கணக்கில் சொன்னால் இளம் பாம்புகளுக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்தவற்றுக்கு 5 முதல் 7 சதவீதம் போதும். மாற்றும் காலத்தில் வழக்கத்தைவிட ஒரு அளவு சின்னதாகவே எடுங்கள், சின்ன எலி தயங்கும் பாம்பையும் மிரட்டாது.

ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, தொடங்கும் நாளில் பாம்பை எடை போட்டு எழுதி வையுங்கள். எத்தனை வேளை மறுத்தாலும் நீங்கள் பதற்றப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த எண்தான் சொல்லும்.

உயிர் எலியை வாங்கி அப்படியே ஃப்ரீசருக்குள் வைப்பதை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள், அது மெதுவான, கொடுமையான சாவு. விற்பவர்கள் முறைப்படி கொன்று உறைய வைத்ததையே வாங்குங்கள்.

இளக்குவது: பாதி வெற்றி இங்கேதான்

முந்தின நாள் இரவே எலியை ஜிப் பையில் போட்டு, ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் மாலை பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி முதல் அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். வயிற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், நடுவில் கட்டியாகக் குளிர்ச்சி தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. உள்ளே ஐஸ் இருக்கும் எலியை விழுங்கினால் பாம்பு கக்கிவிடலாம்.

மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஓரிடம் வெந்து ஓரிடம் உறைந்து கிடக்கும், சில சமயம் வெடிக்கும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், வயிற்றுத் தோல் நைந்து, பாம்பு நெரிக்கும்போது பிய்ந்துவிடும். அறையில் மணிக்கணக்கில் போட்டு வைத்தால் கெட ஆரம்பிக்கும்.

நன்றாக இளகியதும், கொடுப்பதற்குச் சற்று முன்னால், ஹேர் டிரையரால் ரோமத்தை உலர்த்துங்கள். ஈர ரோமத்தைப் பல பாம்புகளுக்குப் பிடிப்பதில்லை. உலர்ந்த பிறகு தலைப் பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சூடாக்குங்கள், தொட்டால் மனித உடம்பைவிட ஒரு படி அதிகம், 39 அல்லது 40 டிகிரி இருந்தால் நல்லது. தலையை நோக்கிப் பாய வைக்கும் சூடு இதுதான். உடம்பு ஆறிவிடுவதற்குள் கொடுத்தாக வேண்டும், அதனால் ஹேர் டிரையரைத் தொட்டிக்குப் பக்கத்து அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் பற்றி: உறைய வைத்தால் சால்மொனெல்லா கிருமி செத்துப்போகாது. 2014இல் அமெரிக்காவில் உறைந்த எலிகள் வழியாகவே மனிதர்களுக்குத் தொற்று பரவியிருக்கிறது. சமையல் பாத்திரத்தில் இளக்காதீர்கள், இதற்கென்று ஒரு டப்பா, ஒரு இடுக்கி தனியாக இருக்கட்டும், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

கொடுக்கும் இரவு

முந்தின இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். இருட்டிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து வரும் வெளிச்சத்திலேயே செய்யுங்கள். சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் பால் பைத்தானுக்கு ஒத்துவராது, அதன் சொந்த இடத்திலேயே கொடுங்கள். இளக்கும் எலியைக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அதே அறையில் வைத்தால் வாசனை பரவும். பாம்பு பதுங்கிடத்தின் வாசலில் தலையை நீட்டி, கழுத்தை ஆங்கில எஸ் எழுத்துபோல் மடித்துக் காத்திருந்தால் அது வேட்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடுக்கியால் எலியை இடுப்புப் பகுதியில் அல்லது முதுகுத் தோலில் பிடியுங்கள், உங்கள் கையின் சூடு எலியின் சூட்டோடு கலந்துவிடாத அளவுக்குத் தள்ளியே இருங்கள். பிறகு எலி நடப்பதுபோல் தரையோடு ஒட்டி, பக்கவாட்டில், நின்று நின்று நகர்த்துங்கள். நேராக முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் குத்துவது பலர் செய்யும் தவறு, இரை ஒருநாளும் வேட்டைக்காரன் மூக்கில் வந்து முட்டாது. விலகிப் போகும் இரைதான் பாய வைக்கும். நாக்கு வேகமாக நீள ஆரம்பித்தால் எலியை மெல்லப் பின்னால் இழுங்கள். பின்வாங்கினால் நிறுத்தி, ஓரிரு நிமிடம் அசையாமல் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பாய்ந்து பிடித்துச் சுற்றிவிட்டதா? இப்போதுதான் நிறையப் பேர் மகிழ்ச்சியில் கெடுத்துவிடுகிறார்கள். இடுக்கியை உடனே விடாமல் எலி திமிறுவதுபோல் ஓரிரு தடவை லேசாகச் சுண்டுங்கள், பிடி இறுகும், அப்புறம் விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். அடுத்த அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள், போட்டோவும் வேண்டாம். விழுங்கி முடித்ததும் குறைந்தது இரண்டு நாள் தொடாமல் விடுங்கள்.

கால் மணி நேரம் ஆட்டியும் ஆர்வமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒருமுறை மட்டும் மறுபடி சூடாக்கி, பதுங்கிடத்தின் வாசலில் ஒரு அட்டைத் துண்டின் மேல் வைத்து, விளக்கணைத்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கூச்ச சுபாவமுள்ள பாம்புகள் யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொள்ளும். காலையில் கிடந்தால் குப்பையில்தான் போட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

மறுத்துவிட்டால்

அடுத்த முயற்சிக்கு ஏழு முதல் பத்து நாள் விடுங்கள். தினமும் நீட்டினால் பாம்பு அந்த வாசனையையே தொந்தரவோடு சேர்த்துப் பழகிக்கொள்ளும். ஆரோக்கியமான வளர்ந்த பால் பைத்தான் பல வாரம் பட்டினி இருந்தாலும் எடை பெரிதாக இறங்காது, உங்களுடைய கவலைதான் அதைவிட வேகமாக ஏறும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நான் போகும் வரிசை இது. முதலில் சூட்டைக் கூட்டிப் பார்ப்பேன், ஏனென்றால் மறுப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஆறிப்போன எலி. அடுத்து வாசனை: உயிர் எலி விற்பவரிடம் எலிக்கூண்டில் போட்டிருந்த மரத்தூள் ஒரு பிடி வாங்கி வந்து, இளக்கிய எலியை அதில் புரட்டிக் கொடுங்கள். உப்பில்லாத கோழிச்சாறு தடவினாலும் சில பாம்புகள் திரும்பிப் பார்க்கும். காட்டில் இளம் பால் பைத்தான்கள் பறவைக் குஞ்சுகளையும் நிறையத் தின்கின்றன, அதனால் கோழிக்குஞ்சின் மெல்லிறகில் எலியைத் தேய்ப்பதும் ஒரு வழி. மாஸ்டோமிஸ் எனப்படும் ஆப்பிரிக்க எலி கிடைக்கும் நாடுகளில் அதன் படுக்கைத்தூள் எல்லாவற்றையும் மிஞ்சும், பால் பைத்தானின் சொந்த ஊர் இரை அதுதான்.

அதற்கும் மசியவில்லை என்றால் நடுப்படி ஒன்று இருக்கிறது: அப்போதுதான் கொன்ற, உடம்புச் சூடு ஆறாத எலி. சூடும் வாசனையும் முழுதாக இருக்கும், அசைவை நீங்கள் இடுக்கியால் தருவீர்கள். இப்படி மூன்று நான்கு வேளை சாப்பிட்டால், உறைந்ததற்கு மாறுவது சின்னப் படி. ஆனால் எலியை வலியில்லாமல் கொல்வது பழகிய கை செய்ய வேண்டிய வேலை, வீடியோ பார்த்து முயலாதீர்கள், எலி வளர்த்து விற்பவரையே செய்து தரச் சொல்லுங்கள்.

இன்னொரு உத்தி எனக்கு மிகவும் பிடித்தது, பொறுமையற்ற பாம்புகளிடம் நன்றாக எடுபடும். வழக்கமான அளவில் பாதி எடையுள்ள உயிர் எலி ஒன்றைக் கொடுங்கள். அதை விழுங்கி முடித்து, இன்னும் நாக்கை நீட்டி அடுத்ததைத் தேடும் அந்த ஐந்து பத்து நிமிடத்தில், ஏற்கெனவே சூடாக்கித் தயாராக வைத்திருக்கும் சின்ன இளக்கிய எலியை வாயருகே மெல்லக் கொண்டுபோங்கள். வேட்டை மும்முரத்தில் இருக்கும் பாம்பு யோசிக்காமல் பிடித்துவிடும். அடுத்தடுத்த வேளைகளில் உயிர் எலியைச் சின்னதாக்கி, இளக்கியதைப் பெரிதாக்குங்கள், கடைசியில் இளக்கியதை முதலில் நீட்டுங்கள்.

எல்லாம் செய்தும் முடியாதவர்களுக்குக் கடைசியாக ஒன்று: இளக்கிய எலியின் மண்டையில் ஊசியால் குத்தி மூளை கொஞ்சம் வெளிவரும்படி செய்வது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்த வாசனைக்கு மறுக்காமல் வாய் திறக்கும் பாம்புகள் உண்டு. வாயைப் பிளந்து ஊட்டுவதை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள், தொண்டையும் தாடையும் கிழியும். அது மருத்துவர் வேலை.

எப்போது நிறுத்த வேண்டும்

வளர்ந்த பாம்பு தொடங்கியபோது இருந்த எடையில் 10 சதவீதம் இழந்துவிட்டால் முயற்சியை நிறுத்தி, ஊர்வன தெரிந்த மருத்துவரிடம் காட்டி, மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், காட்டிலிருந்து பிடிபட்ட பாம்பென்றால் குடற்புழு இருக்க நிறைய வாய்ப்பு. குஞ்சுகளிடம் இந்தப் பிடிவாதமே வேண்டாம். பிறந்து சில மாதமான குஞ்சு இரண்டு மூன்று தடவை மறுத்தால் உயிர் உணவுக்கே திரும்பி, உடம்பு தேறிய பிறகு மறுபடி பாருங்கள். கக்கிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாள் எதுவும் கொடுக்காமல், அடுத்த வேளை பாதி அளவில் கொடுங்கள். மறுபடி கக்கினால் மருத்துவர்.

முதல் இளக்கிய எலியை விழுங்கியதுமே மாறிவிட்டது என்று எண்ணி, இடையில் "பாவம், இன்றைக்கு ஒன்று" என்று உயிர் எலி போடாதீர்கள். நான்கைந்து வேளை தொடர்ந்து எடுக்கும் வரை அதே நேரம், அதே அளவு, அதே கடை எலியே இருக்கட்டும். சுண்டெலியிலிருந்து பெரிய எலிக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

இவ்வளவுக்கும் மாறாத பாம்புகள் மிகச் சில உண்டு, அதற்காக அதைப் பட்டினி போட்டுக் கொல்ல முடியாது. அப்படியென்றால் தேவைக்குச் சின்னதான எலியாகப் பாருங்கள், முதலில் அந்த எலிக்கு வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள், போட்ட பிறகு கையில் இடுக்கியோடு அங்கேயே உட்கார்ந்திருங்கள், கால் மணி நேரத்தில் பாம்பு பிடிக்கவில்லை என்றால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, குளிர்காலம் முடிந்து பாம்பு நல்ல பசியில் இருக்கும் ஒரு வாரத்தில், சூட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.